சாப்பாட்டு மேசையில் ஒரு காதற்பாட்டு: வீட்டிலேயே கவிதை நயம் பழக்கச் சில குறிப்புகள்

ஓ.எல். வகுப்பில் ‘தமிழ் இலக்கிய நயம்’ எடுக்கும் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். உவமை, உருவகம், எதுகை, மோனை என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ‘சரி’ அடையாளம். அந்தப் பாட்டில் ஆர் ஆரோடு கதைக்கிறார் என்று கேட்டால் பிள்ளை முகட்டைப் பார்க்கும். வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளிலும் டியூட்டறிக்குக் கட்டும் காசில் கொஞ்சம் இந்தப் பட்டியலுக்கே போகிறது. ஓர் அணியின் பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல், அது பாட்டுக்குள் எந்த ஆளுக்காக வேலை செய்கிறது என்று கேட்கப் பழக்கினால் மீதி தானாக வரும். அதற்குத் தமிழ் எம்.ஏ. தேவையில்லை. சாப்பாட்டு மேசையும், பென்சிலும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலமும் போதும்.

1. சின்னப் பாட்டாக எடுங்கள். குறுந்தொகைப் பாட்டுகள் பெரும்பாலும் நாலு அடி முதல் எட்டு அடிக்குள் முடிந்துவிடும். அதிலும் ஈழத்துப் பூதன்தேவனாரின் பாட்டுகளில் தொடங்கினால் எங்கள் பிள்ளைகளுக்குக் கூடுதல் உற்சாகம் வரும். சங்கத் தொகைகளில் ஈழம் என்ற அடையாளத்தோடு வரும் புலவர் அவர். அவர் பெயரில் ஏழு பாட்டுகள் உண்டு. குறுந்தொகையில் இருப்பவை 189, 343, 360 ஆகிய மூன்றும். இந்தக் குறிப்புகளுக்கு 189ஆம் பாட்டை எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் ஏழே அடிகள். வேலைக்காக ஊரைவிட்டுப் போகவேண்டிய தலைவன் தன் தேர்ப்பாகனிடம் பேசுகிறான்: இன்றைக்கே போய் நாளைக்கே திரும்ப வேண்டும், தேரை விரட்டு, சாயந்தரம் அவளிடம் போய்ச் சேர்ந்து அணைத்து மகிழ வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

2. பாட்டைப் பிள்ளையே கையால் எழுதட்டும். போன வருட மாத நாட்காட்டியின் பின்பக்கம் நல்ல பெரிய வெள்ளைத் தாள். அடிக்கும் அடிக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விடச் சொல்லுங்கள். பிறகு குறிப்பெழுத அது வேண்டும். ஃபோட்டோகொப்பி எடுத்துக் கொடுக்கவேண்டாம். கையால் எழுதும்போதுதான் எந்த அடி நீளம், எது குட்டை என்று கண்ணில் படும்.

3. பொருள் சொல்லும் முன் இரண்டு தரம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். காலி வீதிப் பக்கத்து வீடென்றால் ஜன்னலைச் சாத்திவிட்டு.

4. அடுத்தது சீர் எண்ணுதல். நேர், நிரை, தேமா, புளிமா எல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் ஒவ்வோர் அடியிலும் எத்தனை சீர் என்று மட்டும் எண்ணி அடியின் ஓரத்தில் எழுதட்டும். குறுந்தொகை முழுவதும் ஆசிரியப்பா. நேரிசை ஆசிரியப்பா என்றால் எல்லா அடியிலும் நாலு சீர் வந்து, கடைசிக்கு முந்திய அடியில் மட்டும் மூன்று சீர் வரும். இவ்வளவையும் பிள்ளை வகுப்பிலேயே பாடமாக்கியிருக்கும். வீட்டில் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு: அந்தக் குட்டையான அடிக்குள் இருப்பது ஆர்?

189இல் ஆறாவது அடிதான் குட்டை. அதற்குள் தலைவி மட்டும் இருக்கிறாள், கையில் சில வரிசை வெள்ளை வளையல்களோடு. முதல் ஐந்து அடியும் தேர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவள் வருகிற இடத்தில் அடி சுருங்குகிறது, வாசிப்பவரின் மூச்சும் ஒரு கணம் நிற்கிறது. இலக்கணப்படி அந்த இடத்தில் அடி சுருங்கத்தான் வேண்டும். ஆனால் சுருங்கும் இடத்தில் ஆரை வைப்பது என்பது புலவரின் தெரிவு. யாப்பையும் பொருளையும் சேர்த்துப் பார்ப்பது என்றால் இதுதான். இந்த ஒன்றைப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு வேறெதுவும் படிப்பிக்கத் தேவையில்லை. எழும்பிப் போய் ஒரு பிளேன்டி ஊற்றிக் குடியுங்கள்.

5. பாட்டுக்குக் கீழே ‘தலைவன் பாகனுக்குச் சொன்னது’ என்பதுபோல ஒரு துறைக்குறிப்பு அச்சாகியிருக்கும். முதல் வாசிப்பில் அதைக் கையால் மறைத்துவிடுங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

“பிள்ளை, இதில ஆர் ஆரோட கதைக்கினம்?”

“அவர் அவவோட, அம்மா.”

“அவவோட எண்டா, ‘அவளிட்டப் போவம்’ எண்டு ஏன் சொல்லுறார்?”

“அப்ப வேற ஆரோ பக்கத்தில நிக்கினம்… தேர் ஓட்டுறவரோ?”

“அவர் என்ன பதில் சொன்னவர்?”

“ஒண்டும் சொல்லேல்லையே.”

பாகன் வாய் திறக்கவேயில்லை என்பது நல்ல கண்டுபிடிப்பு. காதலைப் பற்றிய பேச்சு காதலியின் காதில் விழாமலேயே நடக்கிறது. ஒரு வேலைக்காரனிடம் இடும் கட்டளையாக வெளிவருகிறது. கூற்று என்பதைப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு புள்ளிக்கான விடையாக எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அகப்பாட்டுக்குள் போகிற வாசல் அதுதான்.

6. உவமைகளுக்கு வருவோம். ‘உவமை வந்துள்ளது’ என்று எழுதவிடாதீர்கள். தாளின் வலப்பக்கத்தில் மூன்று நிரல் கீறி, எது, எதைப்போல, எதில் ஒப்பு என்று நிரப்பச் சொல்லுங்கள். 189இல் இரண்டாம் அடியிலிருந்து ஐந்தாம் அடிவரை அடிக்கொரு உவமை வருகிறது. வெள்ளைத் தேர் மலையிலிருந்து இறங்கும் அருவிபோல, சக்கரம் இளம்பிறைபோல, அதே சக்கரம் பச்சைப் பயிரை அறுத்துக்கொண்டு போகையில் வானத்திலிருந்து விழும் கொள்ளிபோல, ஓட்டம் காற்றைப்போல.

மூன்றாவது நிரலுக்குத் தொல்காப்பியம் கைகொடுக்கும். உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று நாலாகப் பிரிக்கிறது அது. பிறையும் சக்கரமும் வடிவத்தால் ஒன்று, ஆகவே மெய். அருவியும் தேரும் நிறத்தாலும் பாய்ச்சலாலும் ஒன்று, ஆகவே உருவும் வினையும். காற்று வினை. கொள்ளிக்கு என்ன போடலாம் என்று பிள்ளையோடு வாதாடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட விடை பொருந்தும்.

நிரப்பி முடிந்ததும் முதல் நிரலை மேலிருந்து கீழே ஒருதரம் வாசிக்கச் சொல்லுங்கள். தேர், சக்கரம், சக்கரம், ஓட்டம். தலைவி அந்த நிரலில் இல்லவே இல்லை! காதற்பாட்டில் உவமையெல்லாம் வண்டிக்குப் போய்விட்டது. காதலிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மதியைப்போல முகம், மீனைப்போலக் கண் என்று ஒன்றையும் அவன் தேடவில்லை. அவன் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தூரமும் வேகமும்தான். அவளை எவ்வளவு வேண்டுமென்று நினைக்கிறான் என்பதைத் தேர் சொல்லிவிடுகிறது. என் கணக்கில் இந்தப் பாட்டின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மற்றவர்கள் வேறு இடத்தைக் காட்டலாம்.

7. எதுகையைக் கண்டுபிடிக்கச் சிவப்புப் பென்சில். ஒவ்வோர் அடியின் முதற்சொல்லிலும் இரண்டாம் எழுத்தை வட்டமிடச் சொல்லுங்கள். 189இல் முதல் இரண்டு அடிக்கும் அது ‘ன்’. கடைசி இரண்டு அடிக்கும் ‘ன்’. நடுவில் உள்ள மூன்று அடியிலும் எதுகை கிடையாது. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் ஓசை கட்டுப்பட்டு நிற்க, வழியில் அவிழ்ந்து ஓடுகிறது. புலவர் இதைத் திட்டமிட்டார் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆசிரியப்பாவில் அடிதோறும் எதுகை கட்டாயமில்லை, ஆகவே வந்த இடமும் வராத இடமும் கவனிக்கத் தக்கவை.

8. முரணைத் தவறவிடுகிறவர்கள்தான் கூட. முதல் அடியின் ஒரு நுனியில் இன்று, மறு நுனியில் நாளை. கடைசி இரண்டு அடியும் ஒன்று ‘சில’ என்ற பொருளிலும் மற்றது ‘பல’ என்ற பொருளிலும் தொடங்குகின்றன: வளையல் வரிசை சில, அவளுடைய மாண்பு பல. முரணுக்கு நீலப் பென்சில்.

9. திணை அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைப்பது நல்ல பழக்கம். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல். ஆனால் அட்டவணையை வைத்துக்கொண்டு நிலத்தை மட்டும் பார்த்து விடை எழுதினால் 189இல் சறுக்கும். அதில் அருவி இருக்கிறது, பச்சைப் பயிர் இருக்கிறது, பாலை நிலத்தின் வெக்கை ஒரு துளியும் இல்லை. என்றாலும் பாட்டு பாலைத் திணை. பிரிவு என்ற உரிப்பொருள்தான் அதைத் தீர்மானித்தது. முதல், கரு, உரி மூன்றிலும் அகப்பாட்டுக்கு உரியே தலைமை என்பதை இதைவிடச் சுலபமாகப் பிள்ளைக்குக் காட்டமுடியாது.

10. நெய்தலை வீட்டுக்குள் இருந்து படிக்கவேண்டாம். வெள்ளவத்தைக்காரர் சாயந்தரம் தண்டவாளத்தைக் கடந்தால் கடல். (ரெயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக் கடவுங்கள், இலக்கியம் பத்து நிமிடம் காத்திருக்கும்.) நெய்தலுக்கு உரிய சிறுபொழுது எற்பாடு, பொழுது சாயும் நேரம். எங்கள் கரை மேற்குக் கரையானதால் சூரியன் நேரே கடலுக்குள் இறங்குவதைப் பிள்ளை பார்க்கலாம். இரங்கல் என்ற உணர்வை ஏன் இந்த நேரத்தோடும் நிலத்தோடும் முடிந்தார்கள் என்று அங்கே நின்று கேளுங்கள். கொட்டாஞ்சேனைக்காரருக்கு முகத்துவாரம் பக்கம். களனி கடலோடு சேரும் இடத்தைக் காட்டினால், நெய்தற் பாட்டுகளில் அடிக்கடி வரும் ‘கழி’ என்னவென்று அகராதி இல்லாமலே விளங்கும்.

11. வெட்கம். காதற்பாட்டை அம்மா அப்பாவுக்கு முன்னால் வாசிக்கப் பதினைந்து வயதுப் பிள்ளை நெளியத்தான் செய்யும். பெற்றோரும் நெளிவார்கள். இதற்கு மருந்து அகமரபுக்குள்ளேயே இருக்கிறது. அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக்கூடாது என்பது விதி. ஆகவே அது ஆருடைய சொந்தக் கதையும் இல்லை. தவிர, தோழி, செவிலி, நற்றாய், பாகன், பாங்கன் என்று பேச வேறு ஆட்களும் இருக்கிறார்கள். வேடம் பிரித்து வாசியுங்கள். செவிலியை அம்மம்மாவிடம் விட்டுவிடுங்கள், அவ வெட்கப்படமாட்டா.

12. அம்மாமார் தனியாக வாசிக்க வேண்டியது 360. மகள் வாடுவதைக் கண்ட தாய், நோய் என்னவென்று அறிய முருகன் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். மகளோ தோழியிடம், ‘எனக்கு எவ்வளவு வருத்தம் வந்தாலும் பரவாயில்லை, இன்றைக்கு அவர் வரவேண்டாம், வேலனுக்கு மருந்து தெரியாது என்பதை அம்மா காணட்டும்’ என்கிற பொருளில் பேசுகிறாள். தாய்க்குத் தெரியாததை மகள் எப்படி நுட்பமாக உணர்த்தப் பார்க்கிறாள் என்பது இந்தப் பாட்டின் சுவை. இதில் தினைக்கதிருக்கு உவமை பெண்யானையின் கை. கிளியோட்டும் கருவியின் ஓசைக்கு உவமை காற்சிலம்பு. ஒன்று கண்ணுக்கு, ஒன்று காதுக்கு என்று பிரித்துக் காட்டுங்கள்.

13. உள்ளுறையை, அதாவது இயற்கைக் காட்சிக்குள் மறைந்திருக்கும் பொருளை, அவசரப்பட்டு ‘அவிழ்க்க’ வேண்டாம். 343இல் தோழி தலைவியை உடன்போக்குக்கு இணங்கச் சொல்கிறாள். அப்போது தலைவனுடைய மலையை வர்ணிக்கிறாள்: யானையின் முகத்தில் பாய்ந்த புலி, யானையின் வெள்ளைத் தந்தத்தை இரத்தக்கறையாக்கி, கோடைக்காற்று முறித்த வேங்கைப் பூங்கிளைபோல விழுந்து கிடக்கிறது. புலியின் மஞ்சளும் வேங்கைப் பூவின் மஞ்சளும் சேர்வது உவமை. அந்த முழுக் காட்சியும் ‘போவோமா, விடுவோமா’ என்று தயங்கும் பெண்ணுக்கு என்ன சொல்கிறது என்பது வேறு கேள்வி. வழி எவ்வளவு பயங்கரம் என்கிறதா? பாய்ந்து வரும் எதிர்ப்பும் கடைசியில் வீழும் என்கிறதா? பிள்ளை இரண்டில் ஒன்றைப் பிடித்து, பாட்டிலிருந்தே காரணம் காட்டினால் போதும். இந்தப் பாட்டுக்கு ஒரே விடை எழுதிக் கொடுக்கும் நோட்ஸைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

14. ஒரு பாட்டைத் தனியாக நயப்பதைவிட இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது இலகு. 189இல் தலைவனின் சக்கரம் வழியிலுள்ள பயிரை வெட்டிக்கொண்டு போகிறது, அவனுக்குக் கவலையில்லை. அகநானூற்றின் 4ஆம் பாட்டில் குறுங்குடி மருதனாரின் தலைவனும் காதலியிடம்தான் திரும்பி வருகிறான். ஆனால் பூவில் தேன் குடிக்கும் வண்டுகள் கலையக்கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவைத்துவிட்டு வருகிறான். அதே தேர், அதே அவசரம், வேறு மனிதன். ஆர் கூடக் காதலிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். வீடு இரண்டு கட்சியாகப் பிரியும்.

15. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகளில் ஒரு நல்ல காதற்பாட்டு ஏற்கெனவே அலுமாரியில் இருக்கிறது. திருவிவிலியத்தில் ‘இனிமைமிகு பாடல்’ எடுத்துப் பாருங்கள். தலைவி கூற்று, தலைவன் கூற்று என்று பிரித்தே அச்சிட்டிருப்பார்கள். அதில் காதலியின் கூந்தலுக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று என்று உவமைகள் குவியும். ஈழத்துப் பூதன்தேவனார் தலைவிக்கு ஒன்றும் கொடுக்காததோடு இதை ஒப்பிட்டால், உவமையைக் குவிப்பதும் ஓர் உத்தி, மறுப்பதும் ஓர் உத்தி என்பது விளங்கும். சைவ வீடுகளில் திருக்கோவையார் இருக்கலாம்: நானூறு பாட்டும் கட்டளைக் கலித்துறையில், ஒரு காதற்கதை வரிசையாக. ஓ.எல். பிள்ளைக்கு அது கொஞ்சம் கனம்.

16. அதே உவமையோ அதே தொடரோ இன்னொரு பாட்டிலும் வந்தால் பிள்ளை ‘கொப்பி அடிச்சிருக்கினம்’ என்று சொல்லும். திட்டாதீர்கள், நல்ல கேள்வி அது. பாணர் மரபில் வாய்மொழியாகப் பாடியபோது பொதுவில் புழங்கிய தொடர்கள் எப்படித் திரும்பத் திரும்ப வந்தன என்று பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். ஏ.எல்.லில் தமிழ் எடுக்கும் பிள்ளைக்கு அவரையும், திணைக் கோட்பாட்டைச் சமூக வரலாற்றோடு சேர்த்துப் பார்த்த கா. சிவத்தம்பியையும் அறிமுகப்படுத்திவிடுங்கள்.

17. புதுக்கவிதைக்கும் இதே கேள்விகள்தான். சீர் எண்ணுவதற்குப் பதிலாக வரி எங்கே உடைகிறது என்று பாருங்கள். 189இன் ஆறாவது அடி செய்த வேலையை அங்கே வரி உடைவு செய்யும். மரபுக்கும் புதுக்கவிதைக்கும் பாலமாக ஈழத்துக் கவிஞர் மஹாகவியை (1927–1971) வாசிக்கலாம். மரபு யாப்பைக் கைவிடாமலே பேச்சோசைக்கு ஏற்ப வரிகளை முறித்து அச்சிட்டவர் அவர். வானொலியில் போகும் காதற்பாட்டையும் விடவேண்டாம். உவமையெல்லாம் ஆருக்குப் போகிறது என்று கேட்டுப் பழகினால், சில பாட்டுகள் எவ்வளவு சோம்பேறித்தனமாக எழுதப்பட்டவை என்பதும் தெரியும்.

18. புத்தகத்துக்கு அலையவேண்டாம். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் இருக்கிறது. சங்க இலக்கிய உரைகளை முதலில் அங்கே தேடலாம். குறுந்தொகைக்கு உ.வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பின் உரை இன்றைக்கும் துணை. அருஞ்சொற்பொருளை அங்கே பாருங்கள், நயத்தைப் பிள்ளை சொன்ன பிறகு பாருங்கள். கலித்தொகையை முதன்முதலில் (1887) அச்சேற்றியவர் சி.வை. தாமோதரம்பிள்ளை, யாழ்ப்பாணத்தவர். காதலரின் வாக்குவாதங்களை நாடகம்போலப் படிக்க விரும்பும் பிள்ளைக்குக் கலிப்பா நன்றாகப் பிடிக்கும்.

19. கடைசியாகப் பரீட்சை விடை. ‘இப்பாடலில் உவமை சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளது’ என்ற வசனத்தை எழுதினால் அதன் மேல் கோடு போடுங்கள். அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: ‘நான்கு உவமைகளும் தேரையும் அதன் வேகத்தையும் பற்றியவை. தலைவிக்கு உவமை எதுவும் இல்லை. முச்சீர் அடியில் வளையல்களோடு மட்டும் வருகிறாள். இதனால் தலைவனின் விருப்பம் அவளுடைய அழகை வருணிப்பதாக அன்றி, அவளிடம் போய்ச் சேரும் அவசரமாகவே வெளிப்படுகிறது.’ அணியின் பெயர், அது வந்த இடம், அது செய்யும் வேலை மூன்றும் இதில் உண்டு. எல்லா அணியையும் பொறுக்கி அடுக்கத் தேவையில்லை. இரண்டை எடுத்து இப்படி எழுதினால் விடைத்தாளில் இடமும் மிஞ்சும்.

20. எழுதிய தாள்களை ஸ்டேப்ளர் போட்டு வைக்காதீர்கள். கடற்காற்றில் பின் துருப்பிடித்துத் தாளைக் கறையாக்கிவிடும். ஓரத்தில் இரண்டு துளை போட்டு நூலால் கட்டுங்கள், அடுத்த பிள்ளைக்கும் உதவும்.